தேவசித்தமா, சுயசித்தமா? கொல்லிமலைத் தாயார் எடுத்த தீர்மானம்



உபவாச ஜெபம் முடிஞ்சு பாயைச் சுருட்டுற நேரத்தில்தான் விசுவாசிகள் தங்கள் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். களவும் விபசாரமும் பாவம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஓனர் சொல்றார் என்பதற்காக லாரியில் அதிக பாரம் ஏத்தலாமா? மூப்பர்கள் வேண்டாம் என்கிறார்கள், என் உள்ளமோ ஆண்டவர் போகச் சொல்கிறார் என்கிறது, யார் பேச்சைக் கேட்கிறது? வசனத்தில் நேரடியாக எழுதியிராத இடத்தில் எது சரி, எது தவறு என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

இதற்குப் பதிலாக, நம்ம ஊர்ப் பக்கத்திலேயே வாழ்ந்து மரித்த ஒரு தாயாரின் ஜீவியத்தைச் சொல்கிறேன். அவர்தான் ஈவ்லின் பிராண்ட் அம்மையார். பின்னாட்களில் உலகமெங்கும் அவரை கிரானி பிராண்ட், அதாவது பிராண்ட் பாட்டி என்றே அழைத்தார்கள்.

1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் படித்தவர், நல்ல உடை உடுத்தி வளர்ந்தவர். கொல்லிமலை ஜனங்களின் நிலைமையை ஜெஸ்ஸி பிராண்ட் என்ற வாலிப மிஷனெரி சொல்லக் கேட்டு, அந்த பாரம் அவருக்குள் வந்தது. இந்தியாவுக்கு வந்தார். 1913-ல் ஜெஸ்ஸி ஐயாவை மணந்தார். இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி பஸ்ஸில் ஏறுகிற அதே மலைக்கு, அன்றைக்கு நடந்தோ, டோலியிலோதான் போகணும். மலை முழுக்க மலேரியாக் காய்ச்சல். 1914-ல் மகன் பால் பிறந்தார்.

மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், விவசாயமும் தச்சுவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனாலும் பல வருஷம் ஒருவரும் விசுவாசத்துக்குள் வரவில்லை. முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் பரவினபோது, சொந்தக்காரர்களே கிட்ட வரப் பயந்த வீடுகளுக்கு இவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி, சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை இவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். யாருடைய அன்பு நிஜம் என்று அந்தக் கடைசி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது!

1929-ல் ஜெஸ்ஸி ஐயா கருநீர்க் காய்ச்சலில் மரித்தார். மலையிலேயே அடக்கம் செய்தார்கள். அம்மையாருக்கு அப்போது வயது 50. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் சுவிசேஷம் கொண்டுபோகணும் என்பது கணவன் மனைவி இருவருமாகச் சுமந்த பாரம். அதில் கொல்லிமலையோடு பச்சமலையும் கல்வராயன் மலையும் உண்டு. ஆனால் தனியாக ஒரு விதவையை மலையில் விட மிஷன் சங்கத்துக்கு மனம் வரவில்லை. சமவெளியில்தான் ஊழியம் கொடுத்தார்கள். 68-வது வயதில் ஓய்வு பெறச் சொன்னார்கள். இன்னும் ஒரே ஒரு தவணை என்று மன்றாடினார். ஒரு வருஷம் மட்டும், அதுவும் சமவெளியில் என்று அனுமதித்தார்கள்.

பிரியமானவர்களே, இங்கேதான் கவனிக்கணும்! அம்மையார் சங்கத்தாரோடு சண்டை போடவில்லை. ரகசியமாக மலையேறிப் போகவும் இல்லை. கொடுத்த வேலையை ஒரு வருஷம் செய்து முடித்தார். பிரிவு உபசாரத்துக்கு எல்லாரும் கூடின நாளில்தான் தன் தீர்மானத்தைச் சொன்னார் என்பார்கள். மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போகிறேன் என்றார்.

அது கீழ்ப்படியாமைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனசில் வைத்திருந்ததை முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கலாம். அதுவும் எனக்குள் உறுத்துகிறது, பரிசுத்தவான்களும் மனுஷர்தானே. ஆனால் தன் இஷ்டத்தைச் செய்துவிட்டு அதன்மேல் ஆண்டவர் பெயரை ஒட்டுகிறவர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் உண்டு.

முதலாவது, அந்த எண்ணம் ஒரு ராத்திரி சொப்பனத்தில் வந்ததல்ல. கணவர் மரித்தபின் ஏறக்குறைய இருபது வருஷம் காத்திருந்தும் அணையாத பாரம் அது. யோவான் முதலாம் நிருபம் 4-ம் அதிகாரம் ஆவிகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறதே! காலம் ஒரு நல்ல சோதனை.

இரண்டாவது, வாக்கை மீறவில்லை. அதிகாரத்தின் கீழ் இருந்தவரைக்கும் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிய முடியாத இடம் வந்தபோது பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாவது, அந்தத் தீர்மானத்தின் கஷ்டம் யார் தலையில் விழுந்தது? அவர் தலையில்! லாபம் யாருக்கு? கைவிடப்பட்ட மலை ஜனங்களுக்கு!

கனிகளைப் பாருங்கள். மட்டக்குதிரை மேல் ஏறி, மூங்கில் கழி ஊன்றி, ஐந்து மலைகளுக்கும் போனார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் பால் பிராண்ட் அப்போது வேலூர் சி.எம்.சி.யில் பேர்பெற்ற டாக்டர், குஷ்டரோகிகளின் மடங்கின விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினவர். அவரே கெஞ்சியும் அம்மையார் மலையை விடவில்லை. கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லையாம்! 1974 டிசம்பரில், 95-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அன்பானவர்களே, அந்த மூணு சோதனையையும் நம்ம கேள்விக்கு வைத்துப் பார்ப்போமா? லாரியில் ஏத்துற அதிக பாரத்தில் லாபம் நமக்கு, ஆபத்து ரோட்டில் போகிற இன்னொருத்தர் பிள்ளைக்கு. அப்படியானால் ஓனர் சொன்னாலும் அது தவறுதான். வேலை போனாலும் மறுக்கத்தான் வேணும். மூப்பர்கள் வேண்டாம் என்கிற ஊழியமா? முதலில் கையில் இருக்கிற பொறுப்பை உண்மையாய்ச் செய்து முடி. காத்திரு. அதன்பின்பும் பாரம் அணையாமல், செலவை நீயே சுமக்க ஆயத்தமாய் இருந்தால், வெளிச்சத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போ.

ஆண்டவர் சொன்னார் என்று சொல்வதற்கு முன்னே, இதற்கு விலை கொடுக்கப்போவது நானா, மற்றவனா என்று ஒரு நிமிஷம் முழங்காலில் நின்று கேட்போம். அப்படிக் கேட்கிற இருதயத்தைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக! ஆமென். அல்லேலூயா!