கால் முறிந்தது! குரல் மாறியது! மதிப்பு குறையவில்லை!

காயம்பட்ட நடிகரை நம்பிப் பணம் போடலாமா?

தமிழ்ப்பட முதலாளிகளை இந்தக் கேள்வி இரண்டு முறை திகைக்க வைத்தது. இரண்டு முறையும் காயம்பட்டவர் ஒருவரே. அவர்தான் எம்.ஜி.ஆர்.

வறுமையில் வளர்ந்தவர்

இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17-ந் தேதி எம்.ஜி.ராமச்சந்திரன் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை கோபாலமேனன் காலமானார். தாய் சத்தியபாமா தம் பிள்ளைகளுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

1936-ல் "சதிலீலாவதி" படத்தில் எம்.ஜி.ஆருக்குச் சிறு வேடம் கிடைத்தது. கதாநாயகன் ஆவதற்கு மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 1947-ல் வந்த "ராஜகுமாரி"யில்தான் அந்த வாய்ப்பு வந்தது. 1958-ல் அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த "நாடோடி மன்னன்" பெரும் வெற்றி பெற்றது. தமிழ்த்திரையில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் நடிகர்களில் ஒருவராக அவர் உயர்ந்தார்.

வட்டிக் கணக்கு

அந்தச் சம்பளம் அவருடைய உடம்பை நம்பிக் கொடுக்கப்பட்டது. கத்திச்சண்டை, சிலம்பம், குதிரைச்சவாரி எல்லாம் அவர் படத்தில் இருக்கும். அதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

படம் எடுப்பவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் எடுப்பார். கோவை, மதுரை, திருச்சி என்று பகுதி பகுதியாக வினியோகஸ்தர்கள் முன்பணம் தருவார்கள். கதாநாயகன் படுத்துவிட்டால் படப்பிடிப்பு நின்றுபோகும். வட்டி நிற்காது!

சீர்காழியில் விபத்து

1959-ம் ஆண்டு சீர்காழியில் "இன்பக்கனவு" நாடகம் நடந்தது. நாடகத்தில் ஒரு சண்டைக்காட்சி. குண்டுமணி என்ற பருத்த உடல் கொண்ட நடிகரை எம்.ஜி.ஆர். தூக்க வேண்டும். தூக்கும்போது காலில் எலும்பு முறிந்துவிட்டது.

பல மாதங்கள் அவரால் நடிக்க முடியவில்லை. இனிப் பழையபடி சண்டை போடுவாரா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள்.

அப்போது அவரை வைத்துச் சின்ன அண்ணாமலை ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பதிப்பாளர், எழுத்தாளர். படம் பாதியில் நின்றதால் அவருக்கு நெருக்கடி ஏற்பட்டது. காத்திருந்தால் கடன் ஏறும். கைவிட்டால் போட்ட பணம் போகும்.

படத்தை ஏ.எல்.சீனிவாசனிடம் விற்றுவிடும்படி எம்.ஜி.ஆரே யோசனை சொன்னார். ஏ.எல்.எஸ்., கவிஞர் கண்ணதாசனின் அண்ணன். அனுபவம் மிக்க படத்தயாரிப்பாளர். கால் முறிந்த நாயகனின் பாதிப் படத்தை அவர் துணிந்து வாங்கினார்.

அந்தப் படம்தான் "திருடாதே". 1961-ல் வெளிவந்து வெற்றி பெற்றது. அதற்கு முன்பே, 1960-ல் வந்த "மன்னாதி மன்னன்" படத்தில் எம்.ஜி.ஆர். நடனமும் ஆடிக் காட்டிவிட்டார்!

தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் பாதையில் இருப்பது பரங்கிமலை. அதற்குச் சற்றுத் தொலைவில் ராமாபுரத்தில் எம்.ஜி.ஆரின் தோட்டவீடு இருந்தது. 1967 ஜனவரி 12-ந் தேதி மாலையில் நடிகர் எம்.ஆர்.ராதா அங்கே வந்தார். பேச்சுவார்த்தையின்போது எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயம் அடைந்தார். பின்னர் வழக்கு நடந்து, ராதாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மறுநாள் எம்.ஜி.ஆர். நடித்த "தாய்க்குத் தலைமகன்" படம் வெளியாயிற்று. அவரோ ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பொதுத்தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் அவர் தி.மு.கழக வேட்பாளர். ஓட்டுக் கேட்க ஒரு தெருவுக்கும் அவரால் போக முடியவில்லை. கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் சுவரொட்டிகளாக ஊரெங்கும் போயிற்று. 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.

குரல் என்ன ஆகும்?

உயிர் பிழைத்தார். ஆனால் குரல் மாறிவிட்டது. சொற்கள் தெளிவாக வரவில்லை. ஒரு காதில் கேட்கும் சக்தியும் குறைந்தது. பேசும் படத்துக்குப் பேச்சு வராத நாயகனா? பட முதலாளிகள் மறுபடியும் கணக்குப் போட்டார்கள்.

இத்தகைய கணக்கு விளையாட்டு உலகிலும் உண்டு. அமெரிக்காவில் வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரர் இருந்தார். 7 அடி உயரம்; பெருஞ்சம்பளம். 1964-ல் அவருக்கு உடல்நலம் கெட்டது. 1965 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ குழு அவரைப் பிலடெல்பியா குழுவுக்குக் கொடுத்துவிட்டு, 3 வீரர்களையும் ஒன்றரை லட்சம் டாலரையும் பெற்றுக்கொண்டது. 1967-ல் பிலடெல்பியா சாம்பியன் ஆயிற்று. இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? அவரை விற்ற அதே சான்பிரான்சிஸ்கோ!

இங்கே எம்.ஜி.ஆரைப் பலர் கைவிடவில்லை. வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது, எம்.ஜி.ஆர். அதை ஏற்கவில்லை. சொந்தக் குரலிலேயே பேசுவது என்று உறுதியாக இருந்தார். பேச்சுப் பயிற்சி செய்தார்.

சத்யா மூவீஸின் "காவல்காரன்" 1967 செப்டம்பரில் வந்தது. சில காட்சிகள் சுடப்படுவதற்கு முன் எடுத்தவை. சில காட்சிகள் பின்னர் எடுத்தவை. ஒரே படத்தில் பழைய குரலும் கேட்டது, புதிய குரலும் கேட்டது. மக்கள் இரண்டையும் ஏற்றார்கள். படம் வெற்றி பெற்றது.

சாண்டோ சின்னப்பா தேவரும் பின்வாங்கவில்லை. அதே ஆண்டுத் தீபாவளிக்கு அவருடைய "விவசாயி" வெளியாயிற்று.

1969-ல் வந்த "அடிமைப்பெண்" படத்தில், ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று எம்.ஜி.ஆர். சண்டை போட்டார். முன்பு கால் முறிந்தவர் அவர்! 1971-ல் வந்த "ரிக்ஷாக்காரன்" படத்துக்காக, இந்தியாவின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் அவர் பேசியது குண்டு பாய்ந்த பிறகு வந்த குரலில்தான்.

கடைசி நாட்கள்

1977-ல் தமிழக முதல்-அமைச்சர் ஆனார். 1984-ல் மீண்டும் உடல்நலம் கெட்டு, அமெரிக்காவில் சிகிச்சை பெற்றார். அண்ணன் மகள் சிறுநீரகம் கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். 1987 டிசம்பர் 24-ந் தேதி காலமானார்.

ராமாபுரம் தோட்டத்தை யாருக்கு விட்டுப் போனார்? பேச்சும் செவியும் குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே இல்லமும் பள்ளியும் வேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். அதன்படியே பள்ளி அமைந்தது.

குண்டு பாய்ந்து அவர் குரல் இழந்த அந்தத் தோட்டத்தில், பேசாத குழந்தைகள் பேசக் கற்றார்கள்.