அகோஸ்தினோ பாஸி

கொங்கு நாட்டில் உடுமலைப்பேட்டை, கோபிசெட்டிபாளையம் முதலிய ஊர்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் பலர். அவர்கள் பெரிதும் அஞ்சும் நோய்களுள் ஒன்று சுண்ணாம்புக்கட்டி நோய். நோயுற்ற புழு இறந்து விறைத்து, வெண்பொடி பூத்துச் சுண்ணாம்புத் துண்டுபோல் ஆகிவிடும். இந்நோயின் காரணத்தைக் கண்டறிந்தவர் அகோஸ்தினோ பாஸி என்னும் இத்தாலியர் ஆவார்.

பாஸி 1773ஆம் ஆண்டில் லோடி நகரை அடுத்த மைராகோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். அங்கே இயற்கை நூல் விரிவுரைகளையும் ஆர்வத்துடன் கேட்டுவந்தார். பின்னர் அரசுப் பணி ஏற்றார். ஆயினும் கண்பார்வை குன்றியமையால் அதனை விடுத்து, உழவை மேற்கொண்டார்.

அக்காலத்தில் இத்தாலியிலும் பிரான்சிலும் இந்நோய் பட்டுத் தொழிலைச் சீரழித்து வந்தது. உண்ணும் இலையாலோ தட்பவெப்பத்தாலோ அது தானே தோன்றுவதாகப் பலரும் கருதினர். பாஸியும் முதலில் அவ்வாறே எண்ணினார். 1807இல் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், புழுக்களைப் பலவாறு வருத்திப் பார்த்தார், நோய் தோன்றவில்லை. பல்லாண்டுகள் தோல்வியிலேயே கழிந்தன.

பின்னரே, இறந்த புழுவின்மேல் படியும் வெண்பொடியின்பால் அவர் கருத்துச் சென்றது. அதில் சிறிதை ஊசிமுனையால் எடுத்து நலமுள்ள புழுவின் உடலிற் செலுத்தினார். அப்புழு நோயுற்று மடிந்து வெண்மை பூத்தது. அதனிடமிருந்து மற்றொன்றுக்கும் நோய் பரவியது. நோயை விளைப்பது உயிருள்ள ஒரு பூசணமே எனத் தெளிந்தார். பார்வை குன்றிய ஒருவர், பிறர் எவரும் காணாத பகையைக் கண்டார்! 1835இல் அவரது நூல் வெளிவந்தது. லூயி பாஸ்டர் பட்டுப்புழு நோய்களை ஆராயப் புகுந்தது அதற்கு முப்பது ஆண்டுகட்குப் பின்னரேயாம். பாஸி 1856இல் காலமானார்.

அப்பூசணம் அவர் பெயராலேயே பிவேரியா பாஸியானா என வழங்குகிறது. பூச்சியின் உடலுள் அது புகும் முறை வியப்புக்குரியது. பூச்சியின் தோல் கைட்டின், புரதம், கொழுப்பு ஆகியவற்றாலான கவசம். தோலில் ஒட்டிய பூசண வித்து ஈரம் பெற்றதும் முளைக்கும். முளைத்ததும் நொதிகளைச் சுரக்கும். லைப்பேஸ் கொழுப்பையும், புரோட்டியேஸ் புரதத்தையும், கைட்டினேஸ் கைட்டினையும் சிதைக்கின்றன. இவ்வாறு நெகிழ்ந்த தோலைத் துளைத்துக்கொண்டு பூசண இழை உட்செல்லும். சில நாள்களில் பூச்சி மடியும்.

பட்டுப்புழுவைக் கொன்ற இதே பூசணம் இன்று பயிர்ப் பூச்சிகளை ஒழிக்க வளர்க்கப்படுகிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய பூசணங்களை ஆராய்ந்து உழவர்க்குப் பரிந்துரைக்கிறது. வாழையைத் துளைக்கும் கூன்வண்டுக்கு அது எமன். ஆயினும் அதற்குப் பகைப் பூச்சியும் பட்டுப்புழுவும் ஒன்றே. ஆதலின் மல்பெரித் தோட்டத்தை அடுத்த வயல்களில் அதனைத் தெளித்தல் ஆகாது எனப் பட்டு வளர்ப்போர்க்கு அறிவுறுத்தப்படுகிறது.