திராட்சைக் கொடி சாம்பலில் லித்தியம்... பன்சன் கண்டுபிடித்தது எப்படி?

பள்ளி லேபில் பன்சன் பர்னரைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ராபர்ட் பன்சன், 1811-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தவர். இளம் வயதில் ஆர்சனிக் சேர்மங்களை ஆராய்ந்தபோது நடந்த வெடிவிபத்தில் ஒரு கண் பார்வை போனது. விஷம் உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்தானது. ஆனாலும் ஆய்வகத்தை விட்டு அவர் போகலை.

1852-ல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கருவி வல்லுநர் பீட்டர் தேசாகாவுடன் சேர்ந்து, 1855-ல் கிட்டத்தட்ட நிறமே இல்லாத சுடர் தரும் பர்னரை உருவாக்கினார். பேட்டன்ட் வாங்கவில்லை.

சுடருக்கு நிறம் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். அதில் உப்பைப் போட்டால் மஞ்சள், பொட்டாசியம் என்றால் ஊதா, லித்தியம் என்றால் சிவப்பு பளிச்சென்று தெரியும். ஆனா ஒரு சிக்கல்: துளி சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் மற்ற நிறங்களை மறைத்துவிடும். பன்சன் வண்ணக் கண்ணாடிகளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர், நண்பரும் இயற்பியலாளருமான கிர்க்காஃப். 1859-ல் இருவரும் வேலையைத் தொடங்கினாங்க. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள், கைரேகை மாதிரி!

அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் எரித்துப் பார்த்தார்கள். திராட்சைக் கொடியின் தண்டு, இலை, பழம், புகையிலை, ஓடன்வால்ட் மலைப்பகுதி மரங்கள்... எல்லாவற்றின் சாம்பலிலும் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தது. சில கனிமங்களில் மட்டுமே உண்டு என்று நம்பப்பட்ட லித்தியம், மண்ணிலிருந்து வேர் வழியாகத் தண்டுக்கும் இலைக்கும் ஏறியிருந்தது. அந்தப் பயிர்களைத் தின்ற கால்நடைகளின் பாலிலும் அது இருந்தது. அளவு ரொம்பக் குறைவு என்பதால், அதுவரை இருந்த ரசாயன முறைகளுக்கு அது சிக்கவே இல்லை.

ஒன்றைக் கவனிக்கணும். எரிக்கும்போது தண்டின் செல்லுலோஸ், லிக்னின் எல்லாம் சிதைந்துவிடும். சாம்பலில் மிஞ்சுவது தாது உப்புகள்தான். அதனால் லிக்னினைப் பார்க்க இன்று அகச்சிவப்புக் கதிர் முறை உதவுகிறது. தாதுக்களை அளக்க, பர்னர் சுடருக்குப் பதில் பிளாஸ்மா. மற்றபடி தத்துவம் பன்சனுடையதேதான்.

இதே கருவியில் 1860-ல் ஊற்றுநீரில் இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. அது புதுத் தனிமமான சீசியம். அதன் உப்பில் வெறும் சில கிராம் எடுக்க, சுமார் 44,000 லிட்டர் தண்ணீரை வற்ற வைக்க வேண்டியிருந்தது! அடுத்த ஆண்டே ருபிடியம். திருமணமே செய்துகொள்ளாத பன்சன், 1899 ஆகஸ்ட் 16-ம் தேதி ஹைடெல்பெர்க்கில் 88 வயதில் காலமானார்.