சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

நுழையும்முன்

ஏட்டில் எழுதி வைப்பதற்கு முன்பே நெஞ்சில் எழுதி வைத்த மரபு தமிழருடையது. கேட்டதை மறவாமல் காத்தல், காத்ததை வேண்டிய கணத்தில் எடுத்துத் தருதல் ஆகிய இரண்டையும் ஒரு கலையாகவே நம் முன்னோர் வளர்த்தனர். அக்கலையின் உச்சியைத் தொட்டவர்களுள் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலை ஒட்டியுள்ள இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு செய்குத்தம்பி பிறந்தார். பெற்றோர் பக்கீர் மீரான், அமீனா ஆவர். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தமையால், பள்ளியில் அவர் பயின்றது மலையாளமே. எனினும் வீட்டிலும் வீதியிலும் ஒலித்த தமிழ் அவரை ஈர்த்தது. சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரை அடைந்து தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது.

கவனகக் கலை

அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பது பொருள். தமிழில் இக்கலையைக் கவனகம் என்பர். நினைவாற்றலைக் காட்டும் கலைக்குக் கவனம் என்று பெயர் அமைந்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. கவனியாத ஒன்றை நினைவில் வைத்தல் இயலாது. எட்டுச் செயல்களை ஒருசேரக் கவனிப்பது அட்டாவதானம். பத்தைக் கவனிப்பது தசாவதானம். பதினாறைக் கவனிப்பது சோடசாவதானம். நூற்றைக் கவனிப்பது சதாவதானம்.

அவையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் பெருக்கல் கணக்கு ஒன்றைச் சொல்வார். வேறொருவர் ஒரு தேதியைக் கூறி அதற்குரிய கிழமையைக் கேட்பார். இடையிடையே மணி ஒலிக்கும்; அதன் எண்ணிக்கையைத் தவறாமல் சொல்ல வேண்டும். முதுகில் எறியப்படும் சிறு பொருள்களையும் எண்ணிக்கொள்ள வேண்டும். சதுரங்கம் ஒருபுறம் நடக்க, இலக்கிய ஐயங்களுக்கு விடை கூறுதல் மறுபுறம் நிகழும். ஒரு வினாவைப் பாதியில் நிறுத்தி வேறொன்றுக்குச் சென்று, மீண்டும் விட்ட இடத்திலேயே தொடர வேண்டும். குறிப்பேடு இல்லை, எழுதுகோலும் இல்லை. ஓர் எண்ணிக்கை பிழைத்தாலும் அவையறியத் தோற்க நேரும்.

யாப்புப் பயிற்சி இதற்குப் பெருந்துணை புரிந்தது. எதுகையும் மோனையும் அடுத்து வரும் சொல்லை நினைவுக்கு அழைத்து வரும். அந்தாதியில் ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாகும். பொருள் உணர்ந்து, ஒழுங்குபடுத்தி, பலகால் ஓதிய கல்வி தன் இடத்தில் நிற்கும். வேண்டும்போது வந்து உதவும்.

விக்டோரியா அரங்கில்

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர் பலர் கூடினர். அப்போது பாவலருக்கு அகவை முப்பத்திரண்டு. அறிஞர்கள் முன்னிலையில் நூறு செயல்களையும் கவனித்துச் செய்து காட்டினார். சதாவதானி என்னும் பட்டம் அன்று முதல் அவர் பெயரோடு ஒன்றாயிற்று.

ஓர் அவையில் அவருக்கு நேர்ந்த சோதனை இன்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. இசுலாமியரைத் துருக்கர் என வழங்கிய காலம் அது. இராமன் துருக்கனுக்குத் துணையாவான் என்னும் பொருளில் முடியும் ஈற்றடி ஒன்றை ஒருவர் கொடுத்தார். இசுலாமியப் புலவர் இதனை எவ்வாறு பாடுவார் என்று அவை காத்திருந்தது. பாவலர் சினக்கவில்லை; தயங்கவும் இல்லை. முந்திய அடியில் பரதனையும் இலக்குவனையும் அமைத்து, அவ்வடியின் இறுதியில் 'சத்' என்னும் அசையை வைத்தார். துருக்கன் சத்துருக்கனாக மாறினான். தம்பியர் மூவருக்கும் தமையன் துணை என்று வெண்பா பொருத்தமாக நிறைவுற்றது. இராம காதையை நன்கு கற்றிருந்தமையே அக்கணத்தில் அவரைக் காத்தது. பிறர் சமய நூலையும் தம் நூல்போலப் பயின்றவருக்கே இவ்விடை தோன்றும்.

சமயம் கடந்த தமிழ்

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறும் பெருங்காப்பியம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்நூலுக்குப் பாவலர் உரை எழுதினார். நாயகமான்மிய மஞ்சரி, திருநாகூர்த் திரிபந்தாதி, நீதிவெண்பா முதலிய நூல்களையும் இயற்றினார்.

வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்னும் பூசல் தமிழ்நாட்டில் மூண்டிருந்தது. அப்பாடல்கள் அருட்பா ஆகா என மறுத்தவர்களுள் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் ஒருவர். அவரும் சதாவதானியே. சைவர்களுக்குள் எழுந்த அப்பூசலில் பாவலர் ஒதுங்கி நிற்கவில்லை. வள்ளலார் பாடல்கள் அருட்பாவே என மேடைகளில் வாதிட்டார். பழநூல்களிலிருந்து சான்றுகளை உடனுக்குடன் எடுத்துக்காட்ட அவருடைய நினைவாற்றல் உதவியது. வியப்பூட்டும் வித்தையாகத் தொடங்கிய ஆற்றல், தாம் உண்மையெனக் கொண்டதை நிலைநாட்டும் கருவியாக உயர்ந்தது.

நிறைவு

பாவலர் 1950ஆம் ஆண்டு மறைந்தார். இடலாக்குடியில் அவர் நினைவாக மணிமண்டபமும் பள்ளியும் உள்ளன. இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன.

வினாடி வினாப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர் ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போடுவது உண்டு. தனித்து நிற்கும் செய்தி விரைவில் நழுவும். பொருளோடு பிணைந்த செய்தி நிலைக்கும். கவனித்துக் கேட்டு, பொருளுணர்ந்து, முறைப்படுத்தி, மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தவருக்கு எந்த அவையும் அச்சம் தருவதில்லை. நூறு வினாக்களுக்கு நடுவிலும் பதற்றமின்றி நின்ற பாவலரின் வாழ்வு இதற்குச் சான்று.