40 வாட்டில் பேசிய சென்னை: சி.வி. கிருஷ்ணசாமி செட்டி



விழுப்புரத்தில் காரை எடுத்துத் திண்டிவனம் வழியாகச் சென்னை போகிறீர்கள். வழியெல்லாம் புதுச்சேரி எஃப்.எம். பாடிக்கொண்டு வருகிறது. திண்டிவனம் தாண்டிச் சென்னையை நெருங்க நெருங்க அது இரைய ஆரம்பிக்கிறது. நிலையத்தை மாற்றினால் சென்னை எஃப்.எம். வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் உங்கள் ஏரியலைத் தொடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை இருப்பதால், வேண்டியதை மட்டும் உங்கள் ரேடியோ பிரித்து எடுத்துக்கொள்கிறது.

ஓரிடத்திலிருந்து அனுப்பி ஊரே கேட்கும் இந்த ஒலிபரப்பைச் சென்னையில் தொடங்கிவைத்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அவர் ஒரு மின்பொறியாளர். இங்கிலாந்திலிருந்து கருவிகளைக் கொண்டுவந்தார். ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து, 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை உருவாக்கினார். அகில இந்திய வானொலி என்ற பெயரே இல்லாத காலம் அது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது.

அந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட். நம் படிக்கட்டில் முன்பு எரிந்த பழைய டியூப்லைட்டும் அதே 40 வாட்தான்! பிறகு 200 வாட் கருவி வந்தது. பாட்டும் பேச்சுமாக மாலை நிகழ்ச்சிகள் நடந்தன.

ஒலிபரப்பில் ஒரு விசேஷம் உண்டு. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் அனுப்புகிற செலவு ஒன்றுதான். புதிதாக ஒருவர் கேட்பதால் மற்றவருக்குக் குறைந்துபோவதில்லை. ஆனால் அந்தச் செலவை யாராவது தவறாமல் ஏற்றுக்கொண்டே இருக்க வேண்டும். கிளப் தடுமாறியது இங்கேதான். பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. அதே 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்கள் திறந்த தனியார் கம்பெனிகூட 1930-இல் நொடித்துப்போனது.

கிளப் மூடியதோடு கதை முடியவில்லை. டிரான்ஸ்மிட்டர் மூலையில் கிடந்து துருப்பிடிக்கவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தினசரி ஒலிபரப்பைத் தொடங்கியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைத்ததால், ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களும் நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை மாநகராட்சியின் சேவை நடந்தது.

யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணசாமி செட்டியின் கிளப் நடந்தது மூன்றே ஆண்டுகள். பணக்கணக்கில் அது தோல்விதான். ஆனாலும் பொதுவுக்கென்று சேர்த்த பொருளைப் பொதுவுக்கே கொடுத்ததால், ஆரம்பித்த வேலை அறுந்துபோகாமல் தொடர்ந்தது.

நம் குடியிருப்பிலும் படிக்கட்டு விளக்கு, சந்தா கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று பார்த்து எரிவதில்லை. எல்லோருக்கும் ஒரே வெளிச்சம்தான். அதற்கான செலவு மட்டும் மாதாமாதம் வந்து நிற்கிறது. அடுத்த முறை காரில் ரேடியோ போடும்போது அந்த 40 வாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலாண்டுச் சந்தா பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்!