காவல் கற்பித்த ஆசிரியர்

நாச்சாரத்தில் நான் குடியிருக்கும் அறையிலிருந்து நம் பல்கலைக்கழக ஆடுகளம் மிதிவண்டியில் கால் மணி நேர வழி. சென்ற ஆண்டு மாணவர்களுக்குள் நடந்த காற்பந்துப் போட்டியில் நம் தமிழர் அணிக்குப் பின்காவலனாக நின்றேன். நான்கு கோல் வாங்கினோம். திரும்பும் வழியில் யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. பேசாததுதான் சுட்டது. அன்றிரவே காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இனி இந்த ஆட்டம் நமக்கு வேண்டாம் என்று முடிவும் செய்துவிட்டேன்.

வீட்டுக்காரப் பெரியவர் எண்பதை நெருங்குபவர். சிறுவயதில் தந்தையின் தோளில் உட்கார்ந்து ஐதராபாத் நகரக் காவல் துறை அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர். என் முகவாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்ததும் அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொன்னார். ரகீம் சாகிப். அந்தப் பெயரைத் தேடிப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்றே சொல்லலாம்.

சையத் அப்துல் ரகீம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று இதே ஐதராபாத்தில் பிறந்தார். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலத்தான். உசுமானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அதன் அணிக்காக ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியரானார். இந்த ஆசிரியத் தொழிலை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. ஐதராபாத் காற்பந்துக் கழகத்தின் செயலாளராகவும், காவல் துறை அணியின் பயிற்சியாளராகவும், இந்திய அணியின் பயிற்சியாளராகவும் அவர் உயர்ந்த பிறகும் வகுப்பறை அவரை விட்டு நீங்கவில்லை. எழுத்தறியாதவனுக்கு அகரம் சொல்லிக் கொடுப்பது போல, பந்தை நிறுத்துவதையும் தள்ளுவதையும் தொடக்கத்திலிருந்து கற்பித்தார்.

எப்படிக் கற்பித்தார்? பந்தைக் காலில் வைத்து வளைத்து வளைத்து ஓடுவதுதான் அந்நாளில் அழகு என்று எண்ணினர். ரகீம் அதற்கு மாறாக, வளைத்து ஓடுவதையே தடை செய்த போட்டிகளை நடத்தினார். பந்து வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வலக்கால் வன்மையுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆடவேண்டிய போட்டிகளும் உண்டு. கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். செய்து பாருங்கள், பத்தே நிமிடத்தில் நமது கருவம் எல்லாம் கரைந்துவிடும்.

இங்கே ஒரு சிறு விலகல். என் அறைத்தோழன் அமெரிக்கப் பந்தாட்டத்தில் பித்துக் கொண்டவன். அதில் பந்தை எறிபவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஆட்டம் முழுவதும் அவர்கள் பந்தைத் தொடுவது அரிதினும் அரிது. இடுப்பைத் தாழ்த்தி, அடியைச் சிறிதாக வைத்துப் பின்வாங்கி, பாய்ந்து வருபவனுக்கும் எறிபவனுக்கும் நடுவே நிற்பதே அவர்கள் தொழில். அவர்களுக்கென்று தனிப் பயிற்சியாளரே உண்டாம். காவல் என்பது உடல் வலிமை மட்டுமன்று, காலடிக் கலை என்பதை அதைப் பார்த்துத்தான் முதலில் உணர்ந்தேன். ரகீமின் ஆட்டம் வேறு. ஆனால் அடிப்படை அதுவே.

1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்சுக் கோப்பையைக் காவல் துறை அணி வென்றது. 1951 இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. புகழ் உச்சியில் நின்ற அவரை அடுத்த ஆண்டே எல்சிங்கி கீழே தள்ளியது. ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் 10-1! நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். நான்கு கோலுக்கே கட்டிலுக்கடியில் காலணியை ஒளித்தவன் நான். பத்து வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்ன செய்தார்? மீண்டும் ஆடுகளத்துக்குப் போனார். காலணி கட்டாயமாயிற்று, பின்வரிசையின் அமைப்பும் மாறியது.

1956 இல் மெல்போர்னில் ஆத்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்கு வந்து நான்காம் இடம் பெற்றது அவர் அணி. நெவில் டிசூசா அன்று மூன்று கோல் அடித்தார். அந்த மூன்று கோல் எல்லோருக்கும் தெரியும். பின்னால் நின்ற அசீசும் லத்தீபும் யார் நினைவில் இருக்கிறார்கள்?

நமக்கு உறவான இருவரை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. செகந்திராபாத்தின் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாசு பலராம், பயிற்சிக்கு வந்துபோகவும் வசதியற்ற ஏழை இளைஞர். ரகீம் அவரைக் கண்டெடுத்து, மிதிவண்டிக்கு வழிசெய்து வரவழைத்தார். மற்றவர் இதே ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராசு. முன்னணியில் ஆடத் தொடங்கி, கோல் காவலராக மாறிய நெடிய மனிதர்.

1962, சகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்திலோ பின்காவலர் சர்னைல் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல். கட்டுப்போட்ட தலையோடு பின்னால் நின்று பந்தை முட்ட அவரால் முடியாது. வேறொருவராக இருந்தால் வெளியே உட்காரவைத்திருப்பார். ரகீம் அவரை நடு முன்னணியில் நிறுத்தினார். காவலை அருண் கோசிடம் ஒப்படைத்தார். அரையிறுதியில் சர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென்கொரியா. அரசியல் பூசலால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோலில் அன்று தங்கராசு நின்றார். பி.கே. பானர்சி ஒன்று, சர்னைல் ஒன்று என்று இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல். அதன்பின் எழுபது நிமிடம் காவல்தான். கடைசி வேளையில் ஒன்றை விட்டுக்கொடுத்து, 2-1 என்று வென்றார்கள். எனக்கு அந்த இரண்டு கோலைவிட அந்த எழுபது நிமிடமே பெரிதாகப் படுகிறது.

அதற்குப்பின் ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா தங்கம் பெறவில்லை. நுரையீரலைப் புற்றுநோய் அரிக்க, ஒன்பது மாதங்களில், 1963 சூன் 11 அன்று ரகீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. திரைப்படம் ஒன்று வந்த 2024 வரை நம் வயதினரில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

காலணியை வெளியே எடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் மாலை ஐந்தரைக்கு ஏழெட்டுப் பேர் கூடி, இடக்காலால் மட்டும் ஆடிப் பழகுகிறோம். பந்து பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது; முறைவைத்து எடுக்கிறோம். கோல் காக்க மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உயரமான நண்பர் யாராவது இதைப் படித்தால், நாச்சாரம் முனையில் என்னைக் கண்டுகொள்ளுங்கள்.