கணிப்பொறி மேதை டைக்ஸ்ட்ரா

பலர் ஒரே கருவியை நாடி நிற்கும்பொழுது அதனை எவருக்கு முதலில் அளிப்பது? எவரும் முடிவின்றிக் காத்திராவண்ணம் எவ்வாறு காப்பது? கணிப்பொறியினுள் நொடிதோறும் எழும் இவ்வினாக்களுக்குத் தெளிந்த விடை கண்டவர்களுள் தலைசிறந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

இவர் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேதியியல் அறிஞர். தாயார் கணிதத்தில் வல்லவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1952ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராகப் பணியேற்றார். கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படும். நிரல் எழுதுதலைத் தனித் துறையாகப் பலரும் மதியாத காலம் அது. 1957ஆம் ஆண்டில் தம் திருமணத்தைப் பதிவு செய்தபொழுது, தம் தொழிலை நிரலர் என்று குறித்தார். அப்படியொரு தொழிலே இல்லையென அலுவலர் மறுத்தனர். இயற்பியலறிஞர் என்றே ஏட்டில் பதியப்பெற்றது. டைக்ஸ்ட்ரா மனந்தளரவில்லை, அத்தொழிலை அறிவுத்துறையாக உயர்த்தவே உழைத்தார்.

1962ஆம் ஆண்டில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு ஒரு சிறு குழுவினருடன், ஒரே கணிப்பொறியில் பல பணிகள் மாறி மாறி நடைபெறும் இயக்க அமைப்பினை உருவாக்கினார். அச்சுப்பொறி போன்ற கருவிகள் மெல்ல இயங்குவன. செயலியோ மிக விரைவானது. ஒரு பணி அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கையில் மற்றொரு பணி செயலியைப் பயன்படுத்தினால் காலம் வீணாகாது.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. இரு பணிகள் 10 என்னும் ஒரே எண்ணை ஒருங்கே படித்து, ஒவ்வொன்றும் ஒன்று கூட்டி எழுதினால், 12 வரவேண்டிய இடத்தில் 11 வந்துவிடும். இதனைத் தடுக்க டைக்ஸ்ட்ரா, இருப்புப் பாதையின் கைகாட்டியைப் போன்றதோர் ஏற்பாட்டைக் கண்டார். ஒரு பணி உள்ளே நுழைந்ததும் கைகாட்டி விழுந்துவிடும். பின்வரும் பணி உறங்கிக் காத்திருக்கும். முன்னது வெளியேறியதும் அது விழித்தெழும்.

1965ஆம் ஆண்டில் அவர் மாணவர்க்கு அளித்த புதிர் ஒன்று பின்னர் இவ்வடிவம் பெற்றது. ஐந்து தத்துவஞானியர் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்துள்ளனர். இருவர்க்கிடையே ஒன்றாக ஐந்து முள்கரண்டிகளே உள்ளன. உண்பதற்கோ இரண்டு வேண்டும். அனைவரும் ஒரே வேளையில் இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்தினதற்குக் காத்திருந்தால், ஒருவரும் உண்ண இயலாது. கணிப்பொறியிலும் பணிகள் இவ்வாறே ஒன்றையொன்று முடக்கிவிடும். அயலார் இருவர் மாறி மாறி உண்டுகொண்டிருப்பின் நடுவிலுள்ளவர் பட்டினி கிடக்கவும் நேரும்.

செயலி வீணே சும்மா இருத்தலாகாது, பொதுப்பொருள் கெடுதலாகாது, பணிகள் முடங்குதலாகாது, எப்பணியும் பட்டினி கிடத்தலாகாது. இவையே நல்ல பங்கீட்டின் இலக்கணம். இத்தகைய பிழைகள் அரிதாகவே வெளிப்படுவதால், சோதனை ஒன்றையே நம்புதல் போதாது. அவை நேரவே இயலா என நிறுவுதல் வேண்டும் என்பதே டைக்ஸ்ட்ராவின் உறுதி.

1972ஆம் ஆண்டில் கணிப்பொறித் துறையின் உயரிய டியூரிங் விருது அவரை வந்தடைந்தது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள் தம் தாய்நாட்டில் அவர் இயற்கை எய்தினார். ஏடு ஏற்க மறுத்த அத்தொழிலை இன்று உலகமே போற்றுகின்றது. நம் கைபேசியுள்ளும் எண்ணற்ற பணிகள் இடரின்றி ஒருங்கே நடைபெறுகின்றன. அவர் வகுத்த நெறி அங்கும் காவல் நிற்கின்றது.